ஐந்தாவது துளை

குத்தாயிசியில் மழை.
பாலத்துக்கடியில் ரியோனி ஆறு
ஏதோ சண்டைக்குப் போவதுபோல் போகிறது.
என் திரையில் ஒரு சிவப்புக் கோடு:
இடமில்லை.

பதினோரு வருடக் கல்யாணங்கள்
மேசைக்கடியில், கறுப்புப் பெட்டிக்குள்.
மணமகள் படியிறங்க இரண்டு நிமிடம்.
மோதிரம் மாற்ற ஒரு நிமிடம்கூட இல்லை.
மீதியெல்லாம் தமடா,
கொம்புக் குவளையைத் தூக்கிப் பிடித்தபடி
மண்ணுக்கு, மறைந்தோருக்கு, மாமியார்களுக்கு,
பக்கத்து மேசைக்காரரின் முதுகுவலிக்கு
வாழ்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கும் மனிதர்.
இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் ஆள்.
நான் இடம் கொடுத்துவிட்டேன்,
நான்கு டெராபைட்.

எதையாவது அழிக்கலாமென்று தேடினேன்.
த்சியாலா, கோச்சா:
படத்தை வாங்க வருமுன்பே பிரிந்துவிட்டார்கள்.
பாதிப் பணம் பாக்கி.
நூற்றெண்பது ஜிகாபைட்.
மவுஸை அதன்மேல் கொண்டுபோனேன்.
த்சியாலாவின் அப்பா, ஆடத் தெரியாதவர்,
கைகளை மட்டும் விரித்துக்கொண்டு
நடுக்கூடத்தில் நிற்கிறார்,
தபால்தலை அளவில்.
கையை எடுத்துக்கொண்டேன்.

அதனால்தான் இது.
பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடையில்
ஒரு கல்யாணத்தின் முன்பணத்துக்கு வாங்கியது.
பபிள்கம் பட்டை அளவு,
அதே எடை.
கடைக்காரப் பையன் உச்சா சொன்னான்:
"செருகு, திருகு, முடிந்தது லம்சீரா."
எல்லா ஆண்களும் இப்படித்தான் சொல்கிறார்கள்
தாங்கள் செய்யப்போகாத வேலையைப் பற்றி.

மின்கம்பியை உருவினேன்.
பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன்.
விசிறியில் பதினோரு வருடத் தூசி,
சாம்பல் நிறப் பூனைக்குட்டி ஒன்று
சுருண்டு தூங்குவதுபோல்.
உடம்பு மின்சாரம் இறங்கட்டுமென்று
வெந்நீர்க் குழாயைத் தொட்டுவிட்டு
பட்டையைச் சாய்த்துச் செருகினேன்.
உள்ளே போனது,
போனபின் எழுந்து நின்றது, கோபமாக.
அழுத்திப் படுக்கவைத்துத் திருகாணியை எடுத்தால்
கடுகளவு திருகாணி
கையிலிருந்து தெறித்து
பலகையின் பச்சைக் காட்டுக்குள் எங்கோ.
முக்கால் மணி நேரம்.
பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன்.
என் காலுறைக்குள் கிடந்தது.

இயக்கினேன்.
புதியது தெரிந்தது,
காலி, வெள்ளை, பெயரில்லை.
பழையது
தெரியவில்லை.

மறுபடி இயக்கினேன். தெரியவில்லை.
பதினோரு வருடம். இருநூற்றுப் பன்னிரண்டு கல்யாணம்.
வாங்கிப்போனவர்களில் பாதிப்பேர்
தொலைத்துவிட்டு என்னிடம்தான் வருவார்கள்,
குழந்தைக்குப் பல் முளைத்தபிறகு,
பாட்டனார் இறந்தபிறகு,
"அவர் பேசியது மட்டும் கிடைக்குமா?" என்று.

வயிற்றில் பனிக்கட்டி.
அது உண்மை.
அடுத்து வந்ததும் உண்மைதான்,
யாரிடமும் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன்:
அந்த இருபது நிமிடத்தில் ஒரு கணம்
அறை பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.
யாரும் யாரையும் வாழ்த்தவில்லை.
மழை மட்டும் பேசியது,
குவளையைத் தூக்காமல்.

கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில்,
எறும்புக்கு அச்சிட்ட எழுத்தில்:
மேலே உள்ள இடம் நிரம்பினால்
ஐந்தாவது, ஆறாவது துளைகள் செயல்படா.

அவ்வளவுதான்.
ஒருவர் வந்து உட்கார்ந்தால்
இன்னொருவர் பேச்சு நின்றுபோகும்,
வீட்டிலும் பார்த்திருக்கிறேன்.
ஆனால் வீட்டில் இரண்டாவது துளை சும்மா இருப்பதில்லை.
இங்கே இருந்தது.
கம்பியைப் பிடுங்கி அதில் மாற்றினேன்.

கிர்ர்ர், டக்.
பழைய வட்டு தொண்டையைச் செருமியது.
எல்லாரும் வந்துவிட்டார்கள்,
தமடாக்கள், மாமியார்கள்,
கைவிரித்த அப்பா.

புதியதற்குப் பெயர் கேட்டது திரை.
யோசிக்க நேரமில்லை, "மழை" என்று தட்டினேன்.
முதலில் எதை நகலெடுப்பது?
பணம் பாக்கியுள்ள அந்த ஒன்றை.
புதியது சத்தமே போடாமல் வாங்கிக்கொள்கிறது,
அது எனக்கு இன்னும் பழகவில்லை.

மூடியைப் போடவில்லை.
பூனைக்குட்டியை மட்டும்
ஈரத்துணியால் எடுத்தேன்.
நாளை சனி.
இரண்டு கல்யாணம், ஒரே தமடா.