நிலாக்கால நண்டு

நிலவையும் காதலையும் சேர்த்துப் பேசுகிறவர்கள்
ஒருநாளாவது மண்டபத்துக்கு வந்து
நண்டு நிறுத்துப் பார்க்க வேண்டும்.
பௌர்ணமிக்குப் பிடிபட்டது ஓட்டோடு சரி,
உடைத்தால் தண்ணீர்.
ஏழு வருடமாகக் கம்பெனியில் தராசடியில் நிற்கிறேன்,
இருட்டு நாள் நண்டில்தான் சதை.
ஆகவே முழுநிலவன்று
'ஒண்ணு சொல்லணும்' என்று வருகிறவனிடம்
அமாவாசைக்கு வா என்பேன்.
இதுவரை இரண்டு பேர்.
ஒருவனும் வரவில்லை.

தடைக்காலம் இன்னும் மோசம்.
அறுபத்தோரு நாள் படகு கரையில்,
ஆள் கரையில், கையில் போன்.
அப்படித்தான் ஒருத்தன்,
காலையில் சாப்ட்டியா, மதியம் சாப்ட்டியா,
சாப்பிட்டதற்கும் சாப்பிடாததற்கும் நடுவே
ஒரு சிவப்பு இதயம்.
மயங்கித்தான் போனேன், ஒப்புக்கொள்கிறேன்.
அவ்வளவு விசாரிப்பை என் வயிறு அதற்குமுன் கண்டதில்லை.
ஜூன் பதினைந்து விடியலில் டீசல் போட்டார்கள்.
அத்தோடு என் பசியைப் பற்றி
பாக் நீரிணையில் யாருக்கும் கவலையில்லை.

வேதாளை ரமீஜாவுக்கு இதெல்லாம் சிரிப்பு.
'எனக்கு வந்தது ஒரே மாப்பிள்ளை, அரைமணி நேரம்,
அதுலயும் இருபது நிமிஷம் வட்டலப்பம் தின்னாரு.
தின்கிறப்ப மனுசன் பொய் சொல்ல முடியாதுடி,
அதத்தான் பார்த்தேன்.'
எட்டு வருடமாக நன்றாகத்தான் இருக்கிறாள்.
ஆனாலும் எனக்கு முழு உடன்பாடில்லை.
பொய்யை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
மறு கன்னத்தில் மெல்லுகிறவர்களை
கல்யாணப் பந்திகளில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று.
'உனக்காகக் கடலைத் தாண்டுவேன்' என்று
எங்கள் பக்கம் யாரும் சொல்லக் கூடாது.
தாண்டினால் நேவி பிடிக்கும்.
படகு போகும், வழக்கு வரும்,
மீட்கச் சொல்லி நாங்கள் மறியல் பண்ண வேண்டும்.
அண்ணனுக்காக இரண்டு தடவை
நடுரோட்டு வெயிலில் உட்கார்ந்தாயிற்று,
காதலனுக்கும் உட்கார இடுப்பில் தெம்பில்லை.

ரெமிஜியுஸ் அப்படிச் சொல்லவில்லை.
தங்கச்சிமடம், ஐஸ் வண்டி ஓட்டுகிறான்.
ஊர்க் கண் படாத இடமென்று
அரிச்சல்முனைக்குக் கூட்டிப்போனான்.
அங்கே சங்குமாலை விற்றது அவன் மதினி.
ஐந்நூறு ரூபாய்க்கு மாலை வாங்க வைத்துவிட்டு
எதையும் பார்க்காதவளாகக் கடலைப் பார்த்தாள்.
அவன் மண்டியிட்டான்.
இரண்டு போனும் ஒன்றாகக் கூவின:
இலங்கை உங்களை அன்புடன் வரவேற்கிறது.
எழுந்தான். ரோமிங்கை அணைத்தான்.
பேலன்ஸ் பார்த்தான்.
முட்டி மணலைத் தட்டிவிட்டு
மறுபடி மண்டியிட்டான்.

ஓர் ஆளின் குணம் தெரிய அந்த ஒரு நிமிடம் போதும்.
கணக்குப் பார்க்கிறவன்,
ஆனால் விட்ட இடத்துக்குத் திரும்பி வருகிறவன்.

'யோசிக்கணும்' என்றேன்.
சோளகக் காற்று காதை அடைத்ததில்
'பசிக்குது' என்று கேட்டிருக்கிறது,
ஓடிப்போய்ப் பொரித்த பாறை வாங்கிவந்தான்.
இதயம் கிதயம் எதுவும் இல்லை,
இரண்டு துண்டு, தூக்கலாக மிளகாய்.
வயிற்றுப் பக்கத்துத் துண்டை அவனே எடுத்துக்கொண்டான்.
அதையும் குறித்துவைத்திருக்கிறேன்.

போன பௌர்ணமிக்கு முடிவு கேட்டு வந்தான்.
வழக்கம்போல, அமாவாசைக்கு வா.
வரவில்லை.
அமாவாசையன்று தீர்த்தமாட வருகிற கூட்டம்,
பாம்பன் பாலத்தில் வண்டி நகராதாம்,
முதல்நாளே வந்து நின்றான்.

ஒருநாள் முன்கூட்டி வந்த நண்டில்
சதை எப்படி இருக்குமென்று
எங்கள் கம்பெனியில் எழுதிவைத்த கணக்கில்லை.
ரமீஜாவைப் பார்த்தேன், அவள் கூடைக்குள் சிரித்தாள்.
அவன் பேச்சு வராமல் தராசில் கையூன்றி நின்றான்.
கையை எடு என்று சொல்ல
எனக்கும் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

அன்றைய பில்லில்
அறுநூறு கிராம் எங்கிருந்து கூடியதென்று
மேனேஜர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.