சேமியா

குர்லா மீன்கடையில் ஆக்ஸோலாட்டல் வாங்கும்போதே கேட்டான்,
"ஏ.சி. ரூம் இருக்கா?"
இருக்கு என்று பொய் சொன்னேன்.

மே பதினொன்று. தொட்டித் தண்ணீர் முப்பத்தொரு டிகிரி.
சேமியா மாதிரி தொங்கும் செவுள்களில் ஒன்றின் நுனியில்
பஞ்சு பூத்திருந்தது.
வால் கொக்கியாய் வளைந்திருந்தது.

அன்றிலிருந்து அது ஃப்ரிட்ஜில்,
தோசைமாவுக்கும் எஸ்தரின் இன்சுலினுக்கும் நடுவே
நாலு லிட்டர் ஐஸ்க்ரீம் டப்பாவில்.
மூடியில் எழுதி ஒட்டினேன்:
உயிர் இருக்கிறது. ஆட்டாதே.

முதல்நாளே பிடித்துத் திறந்துவைத்த தண்ணீர்.
கல்லுப்புக் குளியல் பத்து நிமிடம்,
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பல்துலக்குவேன்.
அப்புறம் பாலில்லாத, சர்க்கரையில்லாத, ஜில்லிட்ட டீ.
செம்பூரில் இப்படியொரு டீயை
நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

"இதுக்கு இமையே கிடையாதாடி?
நான் ஊசி போடறதையே பாக்குது" என்பாள் எஸ்தர்.
திரும்பி நின்று போட்டுக்கொள்வாள்.

எட்டாம் நாள் ராத்திரி ட்ரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
ஐஸ் தேடி இருட்டில் நடந்தோம்.
கரும்புச்சாறு வண்டியடியில் படுத்திருந்தவர் எழுந்து
சாக்கை விலக்கிக்கொண்டே கேட்டார், யாருக்குக் காய்ச்சல்?
நான் வாயைத் திறக்குமுன் எஸ்தர் சொன்னாள்,
"வீட்ல சின்னது ஒண்ணு."
காசு வாங்கவில்லை அவர்.
மாவு பொங்கி வழிந்ததை
விடிந்துதான் பார்த்தோம்.

பதிமூன்றாம் நாள்
பஞ்சு உதிர்ந்த இடத்தில்
முடியைவிட மெல்லிய சிவப்பு.
இடுக்கியில் மண்புழுத் துண்டு நீட்டினேன்.
அசையவில்லை.
இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.
சரி, நாளைக்கு என்று கையை இழுக்கையில்
லபக்.

நான் போட்ட கத்தலில்
எஸ்தர் ஓடிவந்தாள்,
ஊசியை வயிற்றிலிருந்து பாதி உருவியபடி.