காப்பு 02

பள்ளிக்கூடத்தில் காவலி என்று படித்தது.
கொட்பேயில் குழாய் பொருத்துகிற சப்றீன் லாகிங் என்பான்.
மென்பொருள் பெயர் கேட்டது.
காப்பு என்று அடித்தேன், பக்கத்தில் 02.
01 என்னவாயிற்று என்று அது கேட்காது.

பழைய புலவர்கள் காப்பை முதலில் பாடினார்கள்.
நாங்கள் குழாயெல்லாம் கீறி முடித்து
விலையும் கேட்டு, விலையைக் குறைத்தும் கேட்டு
கடைசியில்தான் அதற்கு வருகிறோம்.

உட்துறைமுக வீதி, மூன்றாம் மாடி.
யன்னலுக்குக் கீழே ஒரு மான்
யாரோ எறிந்த லஞ்ச் சீற்றை மென்றுகொண்டு நிற்கிறது.
நான் அட்டவணையில் ஒரு வரிசை திறக்கிறேன்.
விட்டம்: பதினைந்து முதல் ஐம்பது மில்லிமீற்றர்.
வெப்பநிலை: சைபருக்குக் கீழே நாற்பது முதல் சைபர் வரை.
தடிப்பு:

போன வருஷம் இந்தப் பெட்டி நிரம்பியே வந்தது.
இருபத்தைந்து.
எங்கேயோ குளிர்நாட்டில் எவனோ எழுதிவைத்த எண்.
அவனுடைய சுற்றுப்புறம் இருபது பாகை
ஈரப்பதன் ஐம்பது வீதம்.
அங்கே ஆனி மாதத்துக் காச்சான் வீசுவதில்லை.
மாரி தொடங்க முதல், ஐப்பசிப் புழுக்கத்தில்,
தலையணை உறை நனைந்து கிடக்கிற இரவும் அவனுக்கில்லை.
சரி என்பதை அழுத்தினேன்.
திரை பச்சை காட்டியது: பிழைகள் எதுவும் இல்லை.

ஐப்பசியில் சப்றீன் கோல் எடுத்தான்.
"மிஸ், உங்கட குழாய் வேர்க்குது."
சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அமோனியா உள்ளே
சைபருக்குக் கீழே முப்பத்துமூன்றில்
தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்க,
துறைமுகத்துக் காற்றெல்லாம் வந்து வெளித்தோலில் குந்தி
தண்ணீராகிச் சொட்டியிருக்கிறது
பொதிகட்டும் மேசைக்கும் கதவுக்கும் நடுவே.
விடியப்புறம் நாலு மணி.
பாரைக் கூடையோடு வந்த ஜெசீமா வழுக்கி விழுந்தா.
இடது மணிக்கட்டு.
கை வீங்கிப்போய், ஆஸ்பத்திரியில்
காப்பைக் குறட்டால் வெட்டித்தான் கழற்றினார்களாம்.

பார்க்கப் போனேன், கிண்ணியாப் பாலம் தாண்டி,
அரைக் கிலோ திராட்சையோடு.
வரைபடம் கீறுகிறவள் என்று சொன்னேன்.
"அந்தக் குழாயும் நீங்க கீறினதா புள்ள?"
ஓம் என்றேன்.
"நல்லாக் குளிருது அது" என்றா.
"மீன் கல்லு மாதிரி வருது."
அதற்குப் பிறகு எனக்குக் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை.
திராட்சையைப் பிள்ளைகள் தின்று முடித்தார்கள்.

இப்போது இரண்டாவது குளிரறை.
சுற்றுப்புறம் முப்பத்துநான்கு, ஈரப்பதன் எண்பத்தைந்து.
காற்று முப்பத்தொன்றிலேயே தண்ணீராகத் தொடங்கும் ஊர் இது.
கணக்குக்கு ஐம்பது வருகிறது;
பெரிய குழாய்க்கு அதைவிடக் கொஞ்சம் கூட.
எழுபத்தைந்து என்று அடித்தேன்.

குழாய்கள் ஒரேயடியாய்த் தடித்தன.
ஒன்றோடொன்று தோள் முட்டி
மேலே இரும்புத் தீராந்தியோடும் முட்டி
திரை முழுக்கச் சிவப்பு. நாற்பத்தொரு மோதல்.

யோகச்சந்திரன் சேர் பின்னால் வந்து நின்றார்.
"அம்பதைப் போட்டு விடுங்கோவன்.
ஆர் அளந்து பார்க்கப் போகினம்?"
தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.
பிறகு வரிசையை முழுதாய்
நூற்றிநாற்பது மில்லிமீற்றர் கிழக்கே தள்ளினேன்.
தாங்கிகள் பதினேழு. ஒவ்வொன்றாய்.
மான் போய்விட்டது. தெருவிளக்கு வந்துவிட்டது.
சிவப்பு ஆறாகி, மூன்றாகி, ஒன்றாகி
அந்த ஒன்று ஒன்பதரை மட்டும் நின்றது.

குறிப்பு என்றொரு பெட்டி இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.
திருகோணமலைக் காற்றுக்கு, என்று அடித்தேன்.
இன்னும் நிறைய எழுத்துக்கு இடமிருந்தது.

போகமுதல் 01ஐ அழிக்கப் பார்த்தேன்.
முடியாதாம்.
பயன்பாட்டில் உள்ளது என்கிறது கணினி.

உள்ளதுதான்.
அதன்கீழே ஒரு நீல வாளி வைத்திருக்கிறார்கள்.