மூன்றரை மணி நேரம்

ஷார்ஜா விமானம் நாலு மணிக்கு இறங்கியது.
கோவையில் வெளியே வரும்போது மார்லீன் மேடத்துக்கு
ஒரு கால் செருப்பில், ஒரு கால் தூக்கத்தில்.
யோஸ் சார் பெட்டிகளை எண்ணினார், ஐந்து.
திரும்ப எண்ணினார், நாலு.
மூன்றாம் முறை நான் எண்ணிச் சொன்னேன்.

என்னை யோகா என்பார்கள்.
யோகநாதன் அவர்கள் வாய்க்கு நீளம்.
மே மாதம் கொண்டுவிடுவேன், செப்டம்பரில் கூட்டிவருவேன்,
பன்னிரண்டு வருடமாக.
நடுவில் சாவி என்னிடம்.

மேட்டுப்பாளையத்தில் டீ.
சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல மேடம் வாயைத் திறந்தார்;
வந்தது அவர் பாஷை.
"இன்னும் வந்து சேரலை போல" என்றார் கடைக்காரர்.

கோத்தகிரி ரோட்டில் மூன்றாவது வளைவில்
கண்ணாடியை இறக்கச் சொன்னார்.
குமட்டலுக்கு இல்லை.
ஈர மண், யூகலிப்டஸ்,
எங்கோ ஒரு ஃபேக்டரியில் தேயிலை வறுபடும் வாடை.
"வந்தாச்சு" என்றார்.
மலை ஏறி வந்த முதல் தமிழ்.

என்ன விசேஷம் என்று கேட்டார் சார்.
கரடி வந்து சமையலறை ஜன்னலைப் பிய்த்தது,
எண்ணெய் டின்னைக் காலி பண்ணியது,
மேல்வீட்டு நஞ்சன் போய்விட்டார்,
உங்கள் சிம் கார்டு செத்துவிட்டது,
பச்சைத் தேயிலை விலை வழக்கம்போல.
சாவைக் கரடிக்கும் சிம்முக்கும் நடுவில் வைத்துச் சொன்னேன்.
சார் கரடியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.
பின் சீட்டில், கண்ணாடியில் தெரிந்த முகம் மட்டும்
நஞ்சனிடமே நின்றுவிட்டது.

பூட்டு துருப்பிடித்திருந்தது. ஷூக்களில் பூஞ்சை.
சமையலறைக் கடிகாரத்தைச் சார் திருத்தவில்லை.
அது அவருடைய மகளின் மணி காட்டும்.
நம் மணிக்கு மூன்றரை மணி நேரம் பின்னால்.

அன்று இரவு, பள்ளத்துக்கு இந்தப் பக்கம்
என் லயத்திலிருந்து பார்த்தேன்:
மூன்று மணி வரை அவர்கள் விளக்கு எரிந்தது.
மறுநாளும்.

என் அப்பாவும் கடல் கடந்தவர், ஒரே ஒரு தடவை.
ஹட்டனில் ரயில், தலைமன்னாரில் கப்பல்.
கடலில் மூன்றரை மணி நேரம் என்பார்.
ரெண்டு நாள் என்பாள் அம்மா,
அவள் வாந்தியெடுத்துக்கொண்டே வந்தவள்.
மண்டபம் முகாமில் ஒரு ஊசி, ஒரு அட்டை, ஒரு கம்பளி.
திரும்பிப் போக டிக்கெட் கிடையாது.

இரண்டு கரைக்கும் ஒரே மணி.
கடிகாரத்தில் திருத்த ஒன்றுமில்லை.
ஆனாலும் இருபது வருடம்
இருட்டோடு எழுந்து வாசலில் நிற்பார்,
பிரட்டுக்கு இன்னும் தப்பு அடிக்கவில்லையே என்று.
இங்கே தப்பு இல்லை. சங்குதான், அதுவும் ஏழு மணிக்கு.
அதுவரை பனியில் நிற்பார்.
யாரும் அவரைக் கூப்பிட்டு
இது பயணக் களைப்பு, நாலு நாளில் சரியாகும்
என்று சொல்லவில்லை.

அட்டையில் "தாயகம் திரும்பியோர்" என்று இருந்தது.
ஊர் "சிலோன்காரங்க" என்றது.
நான் பிறந்தது கோத்தகிரி ஆஸ்பத்திரியில்.
டாக்ஸி ஸ்டாண்டில் இன்றும் நான் சிலோன் யோகநாதன்.

ஐந்தாம் நாள் விளக்கு பதினொன்றுக்கே அணைந்தது.
காலையில் சிலிண்டர் எடுத்துப் போனேன்.
மேடம் தலைக்குக் குளித்து, தமிழ் முழுதாக வந்து சேர்ந்து,
நஞ்சன் வீட்டுக்குப் போய்வந்த களையில் இருந்தார்.
அங்கே இருந்தால் இங்கே, இங்கே வந்தால் அங்கே,
சார் அப்படித்தான், விடுங்க என்றார்.
அப்புறம், சும்மா கேட்பதுபோல:
"நீங்க எப்ப ஊருக்குப் போவீங்க, யோகா?"

எந்த ஊர் மேடம் என்று
நாக்கு நுனி வரை வந்தது.

ரெகுலேட்டரை மாட்டினேன்.
சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தேன்.
ஒரே ஒரு குமிழி, மெதுவாக, பெரிதாகி வந்தது.
வாஷரை மாற்றினேன்.