பதினான்கு கிராம்

நான் செய்தி பார்ப்பதில்லை.
ராஜாஜி சாலைத் தலைமை அஞ்சலகத்தில்
நான்காம் எண் கவுன்டர் என்னுடையது.
உலகம் எனக்குச் சுற்றறிக்கையாக வரும்,
காலை பத்தேகாலுக்கு,
கையெழுத்து அழிந்த ஜெராக்ஸாக.
‘மறு அறிவிப்பு வரும்வரை’ என்று முடியும்.
அதைக் கண்ணாடியில் ஒட்டி முடிப்பதற்குள்
ஒரு நாடு போய்விட்டிருக்கும்.

ஒட்டி ஒட்டி
எதிரில் நிற்பவரின் முகம்
மூக்குக்கு மேலேதான் தெரிகிறது இப்போது.
“சீக்கிரம் உங்களுக்கு ஜன்னலே இருக்காதுக்கா”
என்கிறான் ஜெபராஜ்.

வியாசர்பாடி மரகதவல்லி
மாதம் ஒருமுறை வந்து
ரங்கூன் திறந்ததா என்று கேட்பார்,
ரேஷன் கடையில் பாமாயில் வந்ததா என்கிற அதே குரலில்.
தங்கைக்கு இரண்டு நைட்டி, ஒரு தைலக் குப்பி.
தைலம் போகாதும்மா, என்றேன்.
“நைட்டி போகுமா?”
விமானமே போகலம்மா.
“அப்புறம் தைலத்தை ஏன் சொன்னே?”

செங்கடலில் யாரோ கப்பலைச் சுட்டால்
மண்ணடிக்காரர் ஒருவர் என்னைத் திட்டுகிறார்.
ஏதோவொரு தலைநகரில்
ஒரே கையெழுத்தில் வரி மாறினால்
அன்று மாலை என் மேஜையடியில்
நாற்பத்தொரு பொட்டலம், முறுக்கு வாசனையோடு.
எறும்புக்கு மட்டும் தடை எதுவும் இல்லை.

முதஸிர் வந்தது
போன சித்திரைப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு.
தாம்பரத்தில் கல்லூரி விடுதி.
தமிழை மிச்சம் வைக்காமல் பேசுவான்.
எழும்பூரில் செய்த மூக்குக்கண்ணாடி, அப்பாவுக்கு.
ஓம்துர்மான், சூடான்.
நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
முத்திரை குத்தியது நான்தான்.
மூன்றாம் நாள் அங்கே சண்டை.
ஐந்தாம் நாள் இங்கே சுற்றறிக்கை.

அதற்குப் பிறகு கணினிக்கு ஒரே வரிதான் தெரிந்திருந்தது:
‘சென்னையை விட்டுப் புறப்பட்டது.’
வாரம் தவறாமல் வருவான்.
திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டுவேன்,
அந்த வரி என்னுடையது இல்லை என்பதற்காக.

பதினோரு மாதம் கழித்துப்
பொட்டலம் திரும்பி வந்தது.
மூலை நசுங்கி,
துபாய் ஒட்டுக்காகிதம், அதன்மேல் அடிஸ் அபாபா,
அதற்கும் மேல் எனக்குப் படிக்கத் தெரியாத
பச்சை முத்திரை.
என்னைவிட ஊர் பார்த்திருந்தது.
நான் திருப்பதி தாண்டியதில்லை.

பழக்கத்தில் தராசில் வைத்தேன்.
முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
தராசைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
“பதினாலு கிராம் குறையுது தம்பி.
புகார் எழுதலாம்.”

பிரித்தான்.
கண்ணாடி இருந்தது,
துடைக்கிற மஞ்சள் துணிகூட இருந்தது.
“லெட்டர் இல்ல மேடம். மூணு பக்கம்.
பூரா சாப்பாடு பத்திதான்.
யாரோ எடுத்துப் படிச்சிருப்பாங்க.
ரசம்னா என்னன்னு தேடியிருப்பாங்க.”

புகார் எழுதவில்லை.
ஒரு துண்டுச்சீட்டை நீட்டினான்.
அப்பா இப்போது கெய்ரோவில்,
யாரோ ஒரு அத்தையின் மூன்றாம் மாடியில்.
கெய்ரோ திறந்திருந்தது.
ஒட்டியிருந்த தாள்களில் ஒருமுறை தேடிவிட்டுத்தான்
அதைச் சொன்னேன்.

“பவர் மாறியிருக்கும்,” என்றான்.
“பரவால்ல. கிட்டத்தட்ட தெரிஞ்சா போதும்.”

சுங்கப் படிவத்தை எடுத்தேன்.
பொருள்: மூக்குக்கண்ணாடி.
எண்ணிக்கை: ஒன்று.
மதிப்பு: ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
அடுத்த கட்டம்:
புதியதா, பயன்படுத்தியதா?

அவனைப் பார்த்தேன்.
மூக்குக்கு மேலே மட்டும் தெரிந்தான்.
வரிசையில் பின்னாலிருந்து
மரகதவல்லி இருமினார்.