சுற்றி வளைத்தல்

சேலம் பெரியாஸ்பத்திரி, முதல் மாடி.
மின்விசிறிக் காற்றில் அட்டைகள் பறக்காமலிருக்க
கரட்டு வெள்ளைக்கல் ஒன்றை மேலே வைத்திருக்கிறேன்.
அட்டைக்கட்டில் பனிமனிதன் இருந்தான்;
அவனை எடுத்துவிட்டு நானே ஒரு முறம் வரைந்தேன்.

எதிரே, ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலையில்
மூட்டைக் கணக்கு எழுதியவர்.
வலது கை மடியில் கிடக்கிறது, வேறு யாருடையதோ போல.

சாவி. "ச்... ச்..."
சீப்பு. தலையைத் தடவிக் காட்டினார்.
மாடு. "பால்" என்றார். அரை மதிப்பெண்.
இருபதுவரை எண்ணச் சொன்னதும்
தடங்கலில்லாமல் ஓடினார்,
நிறுத்தத் தெரியாமல் நாற்பத்து மூன்றுவரை போய்
என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

பக்கத்தில் அவர் மனைவியின் உதடு
ஒவ்வொரு விடையையும் சத்தமில்லாமல் சொல்கிறது.
"நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கம் பாருங்கம்மா."
ஜன்னலில் ஏற்காடு மலை, இடுப்புக்கு மேல் மேகம்.

பதினேழாவது அட்டை, குடை.
"அது... மழ... நனையாம... மேல... அதுதான்."
பொருள் தெரிகிறது, பெயர் வரவில்லை.
'சுற்றி வளைத்தல்' கட்டத்தில் ஒரு டிக்.

படிவத்தின் முதல் வரி இன்னும் காலி.
"இவர் பேரு என்னம்மா?"
முந்தானை வாய்க்குப் போனது.
"செங்கோட்டு மலைமேல இருக்குதுங்களே...
பாதி ஆணு, பாதி பொண்ணு...
அந்தச் சாமிங்க."

இவ்வளவு நேரம் நான் அவருக்குத் தலையாட்டியது போலவே
அவர் அந்த அம்மாவுக்குத் தலையாட்டினார்,
பொறுமையாக, இன்னும் கொஞ்சம் வரட்டும் என்பதுபோல.

அர்த்தநாரி, வயது அறுபத்தொன்று
என்று நானே எழுதிக்கொண்டேன்.