தலைகீழ் எழுத்து

செர்ரி ரோட்டில் அழகு நிலையம் வைத்திருக்கும்
லியாவ் அக்கா கல்கத்தாக்காரி.
போன வருஷப் பிறப்பு அவளுக்குத்
தை அமாவாசையில் வந்தது.
கண்ணாடி மேல் சிவப்புக் காகிதத்தில்
கத்தரித்த எழுத்து ஒன்று,
தலைகீழாய்.

ஒட்டியவன் தப்பென்று
நான் நேராக்கி வைத்தேன்.
சிரித்துக்கொண்டே கவிழ்த்தாள்.
'தலைகீழ்' என்றாலும் 'வந்தாச்சு' என்றாலும்
அவர்கள் பேச்சில் ஒரே சத்தமாம்.
பாக்கியம் கவிழ்ந்தால்
பாக்கியம் வந்தாச்சு.

ஆடியில் குகை வண்டி வேடிக்கைக்கு
நரசிம்மம் நான்.
பிடரிமயிர் அவள் கைவேலை:
சிவப்புத் தாளை மடித்து, மேலும் மடித்து,
பென்சில் கோடு இல்லாமல் வெட்டினாள்.
உதறினாள்.
அறையெல்லாம் தீ.
கூலி கேட்டதற்கு
ஃபேஷியல் விலையைச் சொன்னாள்.

வண்டி நகர்ந்ததும் தூறல்.
சாயம் கரைந்து
என் கழுத்து, மார்பு,
ஜிகினா வேட்டி வரை சிவப்பு.
ஜனம் அதை ரத்தமென்றே கும்பிட்டது.

மடியில் மல்லாந்து
தலை தொங்கக் கிடந்த இரணியன்,
மணியனூர் தறிக்காரன் சென்னியப்பன்,
ஊரையே கவிழ்த்துப் பார்த்தவன்,
செத்துக்கொண்டே கத்தினான்:
"டேய், குடை பிடிச்சுட்டு
அந்தக்கா வந்தாச்சுடா!"

குடலை உருவ வேண்டிய நேரம்.
நான் சிரித்துவிட்டேன்.